வாஷிங்டன் கட்டத்துக்குள் ஒரு கறுத்த மூஞ்சி

பெரிய மனிதர்களோடு தன்னை ஒப்பிட்டுச் சிரிப்பது எல்லாருக்கும் வாய்க்கிற காரியமில்லை. வாத்தியார் ஒருவர் வகுப்பில், "நானும் நெப்போலியனும் ஒரே உயரம், பாத்துக்கோங்க" என்பார். வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் அவர் வாத்தியார்தான். அவருக்கு ஒன்றும் குறைந்துபோகாது. இதே சொல்லை ஒரு சேரிக்காரன் ஊர் டீக்கடையில் நின்று சொல்லட்டும். "ஏத்தத்தப் பாரு இவனுக்கு" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். ஒரே வேடிக்கைதான். ஒருத்தர் வாயில் அது அடக்கம், இன்னொருத்தர் வாயில் அது கொழுப்பு.

தமிழ் விமர்சனத்தில் 'சுய எள்ளல்' என்று ஒரு சொல் புழங்குகிறது. எழுத்தாளன் தன்னையே கேலி செய்துகொண்டால் அவன் பக்குவப்பட்டவன், விலகி நின்று பார்க்கத் தெரிந்தவன் என்று பாராட்டுகிறார்கள். சரி, தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் வசதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. காலமெல்லாம் அடுத்தவன் கேலிக்கு ஆளானவன் தன்னைப் பற்றிச் சிரிக்கும்போது அதுவும் சுய எள்ளல்தானா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிரதியை வாசித்துப் பார்க்கலாம். அது கதையோ கவிதையோ இல்லை. ஒரு துண்டுக் காகிதம். 1968-ல் அமெரிக்காவில் டிக் கிரெகரி என்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் அச்சடித்துவிட்ட ஒரு டாலர் நோட்டு.

கறுப்பர்களின் காகிதம் நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். 1946-ல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அமைப்பு தன் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தது. அவர்களுடைய கோபத்தை நாம் வாங்கிக்கொண்டோம். சிரிப்பை அவ்வளவாக வாங்கவில்லை.

*

கிரெகரி 1932-ல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1961 ஜனவரியில் சிகாகோவின் பிளேபாய் கிளப்பில் கிரெகரிக்கு ஒரு மேடை கிடைத்தது. அன்றைக்குப் பார்வையாளர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் தென்மாநிலங்களிலிருந்து வந்த வெள்ளை வியாபாரிகள். கறுப்பன் ஆடலாம், பாடலாம், பல்லிளிக்கலாம். நின்று நிதானமாக வெள்ளைக்காரனின் நிறவெறியைப் பற்றியே அவனிடம் பேசிச் சிரிக்க வைப்பது அன்றுவரை நடக்காத சங்கதி. அன்று அது நடந்தது.

அதே வருசம் ஜாக் பாரின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார்கள். அதுவரை அந்த நிகழ்ச்சியில் கறுப்புக் கலைஞர்கள் வந்து தங்கள் கலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளைக் கலைஞர்கள் மட்டும் நடத்துநர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து பேசுவார்கள். கிரெகரி முதலில் மறுத்துவிட்டார். உட்கார இடம் கொடுப்பதாக இருந்தால் வருகிறேன் என்றார். கொடுத்தார்கள். உட்காருவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கட்டிலில் உட்கார்ந்ததற்கும், திண்ணையில் உட்கார்ந்ததற்கும், பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்கும் என்னென்ன நடந்தது என்பது நம்ம சனங்களுக்குத் தெரியும்.

மேடையோடு அவர் நிற்கவில்லை. 1963-ல் பர்மிங்காம் போராட்டத்தில் சிறைக்குப் போனார். 1965-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதிக் கலவரத்தில் சமாதானம் பேசப் போய்க் காலில் குண்டு வாங்கினார். 1964-ல் வந்த தன்வரலாற்றுக்குக் கறுப்பர்களைத் திட்டும் அந்த இழிசொல்லையே தலைப்பாக வைத்தார். இனி அந்தச் சொல் காதில் விழுந்தால் அவர்கள் என் புத்தகத்துக்கு விளம்பரம் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள் என்கிற பொருளில் அம்மாவுக்கு அதில் எழுதியிருந்தார். அவருடைய வித்தையே இதுதான். எறிந்த கல்லைப் பிடித்து, எறிந்தவன் கையிலேயே காசுக்கு விற்பது.

*

1968 அமெரிக்காவுக்கு ரத்தம் தோய்ந்த வருசம். ஏப்ரல் 4-ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி. நவம்பரில் ஜனாதிபதி தேர்தல். இனப் பிரிவினையே கொள்கையாகக் கொண்டு பேர்வாங்கிய ஜார்ஜ் வாலஸ் தனியாக நின்று 5 மாநிலங்களைப் பிடித்தார். அவருக்கு விழுந்த ஓட்டு 13 விழுக்காட்டுக்கும் மேலே. அந்தத் தேர்தலில்தான் டிக் கிரெகரியும் ஜனாதிபதி வேட்பாளராக நின்றார். ஓட்டுச்சீட்டில் அவர் பேர் இல்லாத இடங்களில் கையால் எழுதிப் போடச் சொல்லிக் கேட்டார். கிடைத்தது சுமார் 47,000 ஓட்டு.

பிரச்சாரத்துக்கு அவர் அடித்த துண்டறிக்கைதான் நாம் பேசுகிற காகிதம். பார்வைக்கு ஒரு டாலர் நோட்டு. நடுக்கட்டத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் இருக்க வேண்டிய இடத்தில் டிக் கிரெகரி. அவற்றில் சில கடை கண்ணிகளில் காசோடு காசாகக் கைமாறியும்விட்டன. அரசாங்கம் பதறிப்போய் பறிமுதல் செய்தது. கள்ளநோட்டு வழக்கு வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. கிரெகரி இதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருந்தார். கறுப்பன் எவனும் அமெரிக்க நோட்டில் வரவே மாட்டான் என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருக்க இதை எவன் அசல் நோட்டு என்று நம்புவான், நம்பாத நோட்டு எப்படிக் கள்ளநோட்டாகும் என்றார்.

இந்த வாதத்தை மெதுவாக அசைபோட வேண்டும். தப்பித்துக்கொள்ள அவர் எடுத்துவைத்த சாட்சி எது? தேசத்தின் நிறவெறி. உன் ஒதுக்கலே என் நிரபராதித்தனத்துக்கு ஆதாரம் என்கிறார். அதிகாரி அதை ஒப்புக்கொண்டால் நிறவெறியை ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுத்தாலோ கறுப்பன் நோட்டில் வரலாம் என்று சொன்னதாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் மாட்டுவது கிரெகரி இல்லை.

*

ஒப்பிடப்பட்ட ஆள் யார் என்பதையும் பார்த்துவிடுவோம். ஜார்ஜ் வாஷிங்டன் தேசப்பிதா. 1789-ல் முதல் ஜனாதிபதி. பள்ளிப்பாடத்தில் இவ்வளவுதான் வரும். அவருக்கு 11 வயதில் அப்பா செத்தபோது சொத்தாக வந்தவற்றில் 10 அடிமைகளும் உண்டு. 1799-ல் அவர் சாகும்போது மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அதில் 123 பேர் அவருக்கே சொந்தம். தன் மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு அந்த 123 பேரையும் விடுவிக்கும்படி உயில் எழுதிவைத்தார். உயிரோடு இருந்தபோது ஓடிப்போனவர்களை விடவில்லை. 1796-ல் ஜனாதிபதி மாளிகையிலிருந்தே தப்பிப்போன ஓனா ஜட்ஜ் என்ற பணிப்பெண்ணைப் பிடித்துவர ஆள்மேல் ஆள் அனுப்பினார்.

இன்னொன்றும் உண்டு. டாலரில் இருக்கும் முகம் 1796-ல் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்து முடிக்காமல் விட்ட ஓவியத்தை ஒட்டியது. வாய் இறுக மூடியிருக்கும். காரணம் பொய்ப்பல். மவுண்ட் வெர்னான் கணக்கேட்டில் 1784-ஆம் வருசம் 'நீக்ரோ'க்களுக்கு 9 பற்களுக்காகப் பணம் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. அந்தப் பற்கள் அவர் வாய்க்குள்தான் போயினவா என்று ஏடு சொல்லவில்லை. யார் வாயிலிருந்து பிடுங்கப்பட்டன என்பதை மட்டும் சொல்கிறது.

இந்த முகத்தை எடுத்துவிட்டுத் தன் முகத்தை அந்தக் கட்டத்துக்குள் வைப்பதை, "நானும் வாஷிங்டனும் ஒண்ணு" என்கிற வேடிக்கையாக மட்டும் வாசிக்க முடியுமா? தன்னைச் சின்னவனாக்கி அவரைப் பெரியவராக்குவதில் பிறக்கிற சிரிப்பில்லை இது. ரெண்டு முகத்தையும் ஒரே கட்டத்தில் வைத்து நம்மை மாற்றி மாற்றிப் பார்க்க வைக்கிறது. நாலு தடவை பார்த்தபிறகு அந்தக் கட்டத்துக்குப் பொருந்தாதவர் யார் என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

*

பெரிய மனிதரோடு ஒப்பிட்டுச் சிரிக்கும் இந்த வேலையைக் கிரெகரி தொடங்கி வைக்கவில்லை. அதைத் தொடங்கி வைத்தவர்கள் எசமானர்கள். அடிமைக் குழந்தைகளுக்கு சீசர், பாம்ப்பி, கேட்டோ, சிப்பியோ என்று ரோமாபுரி வீரர்களின் பேர்களைச் சூட்டுவது அமெரிக்கப் பண்ணைகளில் சகஜம். பருத்திக்காட்டில் குனிந்து கிடப்பவன் சீசர்! கூப்பிடும்போதெல்லாம் எசமானனுக்கு உள்ளூரச் சிரிப்பு. வாஷிங்டனின் சமையற்காரர் பேர் ஹெர்குலிஸ். 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் பிறந்தநாள் அன்று அந்த ஹெர்குலிஸ் பண்ணையைவிட்டு ஓடிப்போனார். பேர் வைத்தவன் நினைத்துப்பார்க்காத ஒரு காரியத்தைப் பேர் வாங்கியவர் செய்துவிட்டார்.

1830-களில் இந்தச் சிரிப்பு மேடை ஏறியது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைப் போல நடித்துக் காட்டும் கூத்து அது. அதில் 'ஜிப் கூன்' என்று ஒரு பாட்டு. நகரத்துப் பவிசு காட்டும் சுதந்திரக் கறுப்பனைக் கிண்டல் செய்வது. அடுத்த ஜனாதிபதி ஜிப் கூன்தான் என்று அதில் ஒரு இடம் வரும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அதைப் பாடிப் பேர்வாங்கிய பாடகரின் பேர் ஜார்ஜ் வாஷிங்டன் டிக்சன்.

ஆக, 'கறுப்பன் ஜனாதிபதி' என்ற வேடிக்கை கிரெகரி பிறப்பதற்குச் சுமார் 100 வருசம் முன்னாலேயே இருந்தது. கரி பூசிய வாய் சொன்னபோது அதன் பொருள்: பார், எவ்வளவு அபத்தம். 1968-ல் கரி பூசத் தேவையில்லாத ஒரு வாய் அதையே திருப்பிச் சொல்கிறது. இப்போது அதன் பொருள்: ஏன் அபத்தம், சொல்லு. சொல் மாறவில்லை, வாய் மாறியிருக்கிறது. ஒரு பகடியை வாசிக்கும்போது அது என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால் எந்த வாய் சொல்கிறது என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். ஆசிரியன் செத்துப்போனான், பிரதி மட்டுமே மிச்சம் என்று சொல்லித் திரிகிற நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

மேலிருந்து வருகிற ஒப்பீடு நமக்கும் புதிதில்லை. செருப்புப் போட்டு நடந்தால் "என்னடா, பெரிய கலெக்டராட்டம்". வெள்ளைச் சட்டை போட்டால் "மகாராசா எங்க பொறப்பட்டுட்டாரு". நான் எம்.ஏ. படித்த கல்லூரியில் எங்கள் ஆட்கள் நாலைந்து பேரை மற்ற மாணவர்கள் கூப்பிட்ட பேரே "அம்பேத்காரு". "என்ன அம்பேத்காரு, ஸ்காலர்ஷிப்பு வந்துருச்சா?" உலகத்தின் பெரிய படிப்பாளிகளில் ஒருவருடைய பேரை எடுத்து, அதை வசவாக்கி, எங்கள் மேல் துப்பினார்கள். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டு போவோம். எங்களில் ஒருத்தன் மட்டும் ஒரு நாள் நின்றான். "வந்துருச்சு. புதுச்சட்டம் ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன். அதுல ஒன்னய சேக்கவா, வேணாமான்னுதான் ரோசனை" என்றான். கேட்டவன் கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அந்தப் பேரை வசவாகச் சொல்வதில் மட்டும் அவர்களுக்கு ருசி போய்விட்டது.

இந்தப் பையன் செய்தது சுய எள்ளலா? தன்னை அம்பேத்கராகச் சொல்லிக்கொண்டான்; ஆனால் எள்ளப்பட்டது அவனில்லை, அம்பேத்கருமில்லை. அதனால் இதைச் சுய எள்ளல் என்ற பெட்டியில் போட முடியாது. ராஜ் கௌதமன் தன் தன்வரலாற்று நாவலுக்கு 'சிலுவைராஜ் சரித்திரம்' என்று 2002-ல் பேர் வைத்தாரே, அந்தப் பேரிலும் இதே வேலைதான் நடக்கிறது. ராஜாக்களுக்கும் முதலியார்களுக்கும் சாமிநாதையர்களுக்கும் இருந்த 'சரித்திரம்' ஒரு தலித் பையனுக்குக் கிடைத்ததும் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஏன் வருகிறது என்று யோசித்தால் சிரிப்பு அடங்கிப்போகிறது.

*

வேடிக்கையில்லாமலும் வாஷிங்டன் பேரை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அடிமையாகப் பிறந்த புக்கர் என்ற சிறுவன் பள்ளிக்கூடம் போன முதல் நாள்களில், மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ரெண்டு பேர் இருப்பதைக் கவனித்தான். தனக்கு ஒன்றுதான். வாத்தியார் முழுப்பேர் கேட்டபோது அசராமல் "புக்கர் வாஷிங்டன்" என்றான். பின்னாளில் புக்கர் டி. வாஷிங்டன் என்று உலகம் அறிந்த கல்வியாளர் அவர். 2000-ஆம் வருச மக்கள்தொகைக் கணக்குப்படி அமெரிக்காவில் வாஷிங்டன் என்ற குடும்பப்பேர் உள்ளவர்களில் 90 விழுக்காடு பேர் கறுப்பர்கள். தேசப்பிதாவுக்குப் பெற்ற பிள்ளை கிடையாது. பேரைச் சுமந்து காப்பாற்றுகிறவர்கள் அவர் அடிமையாக வைத்திருந்த இனத்தின் பிள்ளைகள். சூத்திரனுக்கு இழிவான பேர்தான் வைக்க வேண்டும் என்று மனு சொன்னதைப் படித்தவர்களுக்கு, ஒரு பேரைக் கையை நீட்டி எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

*

கிரெகரியின் நோட்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது மட்டும் விமர்சனமாகாது. அதன் போதாமையையும் சொல்ல வேண்டும்.

ஒன்று, அவர் முகத்தைத்தான் மாற்றினார். கட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். நோட்டு, நடுவில் ஒற்றை ஆண் முகம், அதைச் சுற்றிப் பூவேலை என்று எல்லாம் பழையபடியே. பெரிய மனுசன் இடத்தில் நம்மாள் ஒருத்தர் உட்கார்ந்துவிட்டால் போதும் என்கிற ஆசை இந்தப் பகடிக்கு அடியிலும் கிடக்கிறது. நம் இயக்கங்களிலும் இந்த ஆசை உண்டு. ஒரு சிலையை இறக்கிவிட்டு இன்னொரு சிலையை ஏற்றுவதோடு திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

ரெண்டாவது, கறுப்பர்கள் அமெரிக்க மண்ணில் அச்சான நோட்டில் வந்ததே இல்லை என்று அப்படியே சொல்லிவிட முடியாது. உள்நாட்டுப் போரின்போது அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்கள் 1862-ல் அச்சிட்ட 100 டாலர் நோட்டின் நடுவிலேயே கறுப்பர்கள் இருக்கிறார்கள். பருத்திக்காட்டில் மண்வெட்டியோடு. பக்கத்தில் அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கிய ஜான் கல்ஹூன் முகம். அவருக்குப் பேர் உண்டு. வெட்டுகிறவர்களுக்குப் பேர் கிடையாது. உழைக்கும் உடம்பாக நோட்டில் வரலாம், முகமாக வரக்கூடாது. கிரெகரியின் சிரிப்பு முகத்தோடு நின்றுவிட்டது. இந்த உடம்புகள் வரைக்கும் போகவில்லை.

மூன்றாவது, பெண்கள். மார்த்தா வாஷிங்டனின் படம் 1886-லேயே ஒரு டாலர் வெள்ளிச் சான்றிதழ் நோட்டில் வந்துவிட்டது. அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி, திரும்பத் திரும்பத் தெற்கே போய் மற்றவர்களையும் மீட்டு வந்த ஹாரியட் டப்மனின் படத்தை 20 டாலர் நோட்டில் போடுவதாக 2016-ல் அறிவித்தார்கள். 2019-ல் தள்ளிப்போட்டார்கள். 2021-ல் வேலையை முடுக்கிவிடுவதாகச் சொன்னார்கள். நோட்டு இன்னும் வந்தபாடில்லை. அந்த நோட்டில் இருப்பவர் ஆண்ட்ரூ ஜாக்சன். அவரும் அடிமைகளின் எசமானர்.

*

ஒரு வேடிக்கைக்கு எவ்வளவு ஆயுள் என்பதைச் சமூகம்தான் தீர்மானிக்கிறது. கறுப்பன் ஜனாதிபதியாவது 2008-ல் பராக் ஒபாமா ஜெயித்ததோடு வேடிக்கையாக இல்லாமல் போயிற்று. கிரெகரி உயிரோடிருந்து அதைப் பார்த்தார்; 2017 ஆகஸ்டில் காலமானார். ஆனால் நோட்டைப் பற்றி அவர் சொன்னது மட்டும் இன்னும் பழசாகவில்லை. நினைவு நாணயங்களில் கறுப்பர்கள் வந்துவிட்டார்கள். 1946-ல் புக்கர் டி. வாஷிங்டனுக்கு அரை டாலர் நாணயம் வெளியிட்டார்கள். காகிதத்தில் மட்டும் முகம் ஏறவில்லை.

நம்ம ஊர் ரூபாயையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 'ரூபாயின் பிரச்சினை' என்று 1923-ல் லண்டனில் புத்தகமே எழுதியவர் அம்பேத்கர். 1925-ல் இந்திய நாணயம் பற்றிய ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னவர். அவருக்கு 1990-ல் ஒரு ரூபாய் நாணயமும், 2015-ல் 10 ரூபாய், 125 ரூபாய் நாணயங்களும் வந்தன. 125 ரூபாய் நாணயத்தைக் கொண்டுபோய் எந்தக் கடையில் கொடுத்துச் சில்லறை வாங்குவது? பெட்டியில் வைத்துப் பார்க்கத்தான் ஆகும். நோட்டில் அவர் கிடையாது. ரூபாயைப் பற்றி ஆராய்ந்த ஆளை ரூபாய் நோட்டில் தேடிப் பார்ப்பதும் ஒரு கிரெகரித்தனமான வேடிக்கைதான்.

கடைசியாக நம் எழுத்துக்கு வருவோம். தலித் எழுத்தென்றால் அழ வேண்டும், ரத்தம் சொட்ட வேண்டும், படிக்கிறவர்கள் 'உச்' கொட்ட வேண்டும் என்றொரு எதிர்பார்ப்பு வெளியே இருக்கிறது. பாமா 1996-ல் 'கிசும்புக்காரன்' என்றே ஒரு தொகுதிக்குப் பேர் வைத்த பிறகும் அது போகவில்லை. நாம் சிரித்தால் 'ஆழமில்லை' என்கிறார்கள். நாமே நம்மைச் சிரித்துக்கொண்டால் 'பக்குவம்' என்று தட்டிக்கொடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் 'வன்மம்'. இந்த மூன்று மதிப்பெண்ணும் ஒரே பேனாவிலிருந்து விழுகிறது. நம் தெருக்களில் கிழவிகள் மேல்தெருப் பெரிய மனுசனுக்கும் கவர்னருக்கும் தங்களை ஒப்பிட்டுக் கட்டுகிற கேலி இன்னும் ஏட்டில் ஏறாமல் கிடக்கிறது. அதைச் சேகரிக்க வேண்டும். யார் சொன்னது, யார் முன்னால் சொன்னது, சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். சொல்லை மட்டும் எடுத்து அச்சில் போட்டால் அது வெறும் துணுக்கு. கிரெகரியின் காகிதமும் அப்படித்தான். அதைப் பறிமுதல் செய்ய ஆள் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பிரதி.